மலையில் முதல் போகம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்து நாலைந்து மாதம் ஆகிறது. வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் சரிவான இடம், மூன்று பக்கமும் தேயிலை. கார்த்திகையில் மாடித்தோட்ட வீடியோக்களைப் பார்த்து, பைகளில் தேங்காய் நார்க்கழிவு நிரப்பி, தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் போட்டிருக்கிறீர்கள். வெண்டை முளைக்கவே இல்லை. மற்றவை தை பிறப்பதற்குள் கருகிவிட்டன. இப்போது மாசி. "மலை மண்ணே இதற்கு ஆகாதா? எதை வைத்தால் இந்த வருடமே காயும் பழமும் கிடைக்கும்? ஒரு பட்டியல் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் கீழே வருகிறது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், நமக்கு இது வராதோ என்ற சந்தேகம்தான் பெரிதாக இருப்பதாகத் தெரிகிறது. உங்கள் கையிலும் குறையில்லை, மண்ணிலும் பெரிய குறையில்லை. கீழ்நாட்டுக் காலத்தை மலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

நான் தோட்டக்கலைத் துறையில் களப்பணியில் முப்பது வருடம் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்டில் காய் போடுகிறேன். உங்கள் இடத்தை நேரில் பார்க்காமல்தான் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

திருப்பூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் உங்கள் பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் இடையே ஏறக்குறைய பத்து டிகிரி வித்தியாசம். வெண்டை விதை முளைக்க மண்ணில் இருபது டிகிரிச் சூடாவது வேண்டும். கார்த்திகையில் இங்கே அதற்கு வழியே இல்லை. விதை கெட்டது என்று கடைக்காரரைக் கோபித்திருப்பீர்கள், பாவம். தக்காளியும் கத்தரியும் இரவுக் குளிரில் பூவை உதிர்த்துவிடும். உதிர்க்காமல் தாக்குப்பிடித்தாலும் மூடுபனி நாலு நாள் விலகாமல் நின்றால் இலைக்கருகல் வந்துவிடும். அதோடு நார்க்கழிவு தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சென்னை மொட்டைமாடிக்கு அது வரம். வெயிலே எட்டிப் பார்க்காத மலை மாதங்களில் வேர் அழுகத்தான் அது உதவும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஆடியில் ஊட்டிப் பக்கம் தென்மேற்கு மழையும் காற்றும் செடியை நிமிரவிடாது. மலையில் காய்கறிக்கு மூன்று போகம் சொல்வார்கள். தை, மாசியில் தண்ணீர் பாய்ச்சி ஆரம்பிப்பது நீர்போகம். பங்குனி, சித்திரையில் கோடை மழையை நம்பி விதைப்பது கார்போகம். ஆவணி வாக்கில் விதைத்துப் பனிக்கு முன் எடுப்பது கடைபோகம். நீங்கள் விதைத்த நேரம் இந்த மூன்றிலும் சேராது. இப்போது கேட்டிருப்பது நல்ல சமயம். பாத்தியும் மண்ணும் தயார் செய்ய மூன்று நான்கு வாரம் இருக்கிறது, முதல் கோடை மழையோடு விதைக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஊட்டி, கூடலூர்ப் பக்கத்துக்கு ஆனி, ஆடி மழை பெரிது. கோத்தகிரியும் குன்னூரும் கிழக்கே பார்த்த சரிவு, இங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. ஆகவே ஊட்டிக்காரர் சொல்லும் தேதியைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தெருவில் காய் போடுகிறவர் சொல்லும் தேதிதான் உங்களுக்குப் பஞ்சாங்கம்.

பனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி கடைசியில் நீர்ப்பனி ஆரம்பிக்கும், மார்கழி, தையில் உறைபனி. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நாட்கள் என்றால் உங்கள் பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) எல்லோருக்கும் புரியும். வானம் தெளிந்து காற்றும் நின்றுபோன இரவில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஊட்டியில் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் பீன்ஸ் போட்டேன். மிச்ச விதையைப் பத்தடி மேலே வேலியோரமாக ஊன்றினேன். மார்கழியில் ஒரு காலை எழுந்து பார்த்தால் பள்ளத்துச் செடியெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துத் தொங்குகிறது, வேலியோரச் செடி பூவோடு நிற்கிறது. ஒரே விதை, ஒரே நாள், ஒரே ஆள் ஊன்றியது. பயிற்சி வகுப்பில் படித்ததெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கோத்தகிரி ஊட்டி அளவுக்கு உறைவதில்லை என்றாலும் உங்கள் ஒன்றரை சென்டிலும் ஒரு தாழ்ந்த மூலை இருக்கும். அங்கே பனிக்காலத்தில் பீன்ஸ், உருளைக்கிழங்கு வேண்டாம். கோஸ், பட்டாணி, பூண்டு ஓரளவு தாங்கும். பனி எதிர்பார்க்கும் மாலையில் பழைய சாக்கோ துணியோ செடிமேல் படாமல் குச்சி நட்டுப் போர்த்துங்கள். ஊட்டிப் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் என்ற புதர்ச்செடியின் கொத்துகளால் மூடியிருப்பது இதற்காகத்தான். உறைந்த இலையில் வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துவிட்டால் பாதியாவது பிழைக்கும்.

அடுத்தது வெயில். மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு விடுமுறை நாள் முழுக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் பின்பக்கம் போய், நிழல் எதுவரை விழுகிறது என்று குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காய்க்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும், கீரைக்கு நாலு போதும். தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், வீட்டு நிழல் வடக்குப் பக்கம் நீளும். சித்திரையில் அதே இடத்தில் உச்சிவெயில் விழலாம். தையில் இருட்டாகக் கிடந்த மூலையைக் கழித்துக்கட்டிவிட வேண்டாம். சில்வர் ஓக் நிழலைக் கிளை கழித்துச் சரிசெய்யலாம். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) பக்கத்தில் இருந்தால் பாத்தியைத் தள்ளிப் போடுங்கள், அதன் வேர் தண்ணீரை விட்டுவைக்காது.

இனி மண். "மலை மண் ஆகாது" என்று உங்களிடம் சொன்னவர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். இது புளிப்பு மண். மழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. கார அமில நிலை (pH) நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் இருந்தால் தேயிலைக்கு அது அமுதம். கேரட், பீட்ரூட், கோஸ், பட்டாணி எல்லாம் ஆறு, ஆறரையைக் கேட்கும். புளிப்பு அதிகமானால் மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தும் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. எவ்வளவு உரம் போட்டாலும் செடி வளரவில்லை என்று இங்கே புதிதாக வருபவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஊட்டியில் அரசு மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. இடத்தில் ஏழெட்டுப் புள்ளிகளில் ஆங்கில 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொண்டுபோய்க் கொடுங்கள். முடிவு வரும்வரை பொறுக்க முடியாது என்றால் சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) தூவிக் கொத்திவிடலாம். சென்டுக்கு எட்டுக் கிலோ கணக்கு. அதற்கு மேல் பரிசோதனை இல்லாமல் போடாதீர்கள், ஏறிய சுண்ணாம்பை இறக்குவது கஷ்டம். உருளைக்கிழங்கு போடும் பாத்திக்கு மட்டும் டோலமைட் வேண்டாம், கிழங்கில் சொறி வரும். டோலமைட் இன்றைக்கு, தொழு உரம் இரண்டு மூன்று வாரம் கழித்து. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சாணத்தில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போய்விடும்.

சாணம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் மண்வாசனை வர வேண்டும், சாண வாசனை வரக்கூடாது. பச்சைச் சாணம் போட்ட பாத்தியில் கேரட் இரண்டு மூன்று கால் முளைத்து வரும், வேர்ப்புழுவும் சேரும். இங்கே குளிருக்கு மக்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். கீழே இரண்டு மாதத்தில் ஆவதற்கு இங்கே நாலு மாதமாவது பிடிக்கும். வெளியிலிருந்து மண் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. உருளைக்கிழங்கு விளைந்த காட்டு மண்ணை மட்டும் கொண்டுவராதீர்கள். உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் 1961இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கூடுகள் செடியே இல்லாமல் மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும், செருப்பில் ஒட்டிய மண்ணில்கூட வந்துவிடும். சுத்தமான இடத்தைக் கெடுத்துக்கொண்டால் உங்கள் காலத்தில் திரும்பாது.

ஒன்றரை சென்டையும் இந்த வருடமே கொத்த வேண்டாம். அரை சென்ட் போதும். நாலடி அகலம், பத்தடி நீளத்தில் நாலு மேட்டுப்பாத்தி, சரிவுக்குக் குறுக்கே. சரிவோடு நீளமாகப் போட்டால் முதல் பெருமழையிலேயே மேல்மண் தேயிலைக்குள் போய்விடும். முதல் பாத்தியில் முள்ளங்கியும் கீரையும். முள்ளங்கி நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் கைக்கு வரும். வீட்டில் குழந்தை இருக்கிறது என்றீர்களே, அவளுக்கு ஒரு வரிசை கொடுங்கள். இரண்டாவதில் பீன்ஸ். செடி பீன்ஸ் சுலபம், ஆனால் இடம் குறைவாக இருப்பதால் கொடி பீன்ஸ்தான் அதிகம் கொடுக்கும். பக்கத்து ஹட்டியில் வயதான அம்மாக்களிடம் கேட்டால் அவரையும் பட்டர் பீன்ஸும் விதைக்குத் தருவார்கள். இந்தக் குளிரில் எத்தனையோ தலைமுறை பழகிய விதை அது, பாக்கெட்டில் வாங்குவதைவிட எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. மூன்றாவதில் கேரட்டும் பீட்ரூட்டும் பாதிப் பாதி. பீட்ரூட்டில் ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'ஊட்டி 1' இந்த மலைக்கென்றே வந்த ரகம், கிடைத்தால் விடாதீர்கள். நாலாவதில் பட்டாணி. அது முடிந்ததும் கடைபோகத்துக்கு அதே பாத்தியில் கோஸ் போடலாம்.

கேரட்டில்தான் புதியவர்கள் மனம் உடைகிறார்கள், அதனால் அதை மட்டும் நின்று சொல்கிறேன். ஓரடி ஆழத்துக்குக் கட்டியும் கல்லும் இல்லாமல் மண்ணைப் பொலபொலப்பாக்க வேண்டும். விதையை நாலு பங்கு மணலோடு கலந்து கால் அங்குல ஆழத்தில் கோடு கிழித்துத் தூவுங்கள். முளைக்கப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அதுவரை மேல்மண் ஒருநாளும் காயக்கூடாது; ஈரச்சாக்கு போர்த்தி, முளை தெரிந்த அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் செடி கலைப்பு. நன்றாக வளர்ந்த நாற்றைப் பிடுங்கி எறிய யாருக்கும் மனசு வராது. வராவிட்டால் பென்சில் தடிமனுக்குத்தான் கேரட் கிடைக்கும். செடிக்குச் செடி இரண்டு அங்குலமாவது விட்டு மற்றதை எடுங்கள். மொத்தம் 100 முதல் 120 நாள். கீழ்நாட்டுக் கணக்கில் இருபது நாள் கூட்டிக்கொள்ளுங்கள் என்று எல்லாப் பயிருக்கும் சொல்வேன்.

தக்காளி ஆசை விடவில்லை என்றால் இரண்டே செடி, நல்ல வெயில் படும் சுவரோரம், மேலே மழை படாமல் ஒரு பாலித்தீன் கூரையோடு சித்திரையில் வையுங்கள். பின்கருகல் நோய் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் பொதுவானது. மூடுபனி தொடர்ந்தால் இரண்டு மூன்று நாளில் செடியே கருகிவிடும். வருமுன் ஒரு சதவீத போர்டோ கலவை தெளிக்கலாம்: பத்து லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தனித்தனியாகக் கரைத்து பிளாஸ்டிக் வாளியில் ஒன்றுசேர்த்து அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். வந்தபிறகு தெளிப்பது வீண். பூச்சிகளில் உங்களை முதலில் சோதிக்கப்போவது வெட்டுப்புழு. ராத்திரியில் நாற்றை அடியோடு வெட்டிப் போட்டிருக்கும். காலையில் அந்த இடத்தில் ஒரு அங்குலம் கிளறினால் சுருண்டு கிடக்கும், எடுத்துப் போடுங்கள். நத்தைக்கு டார்ச் அடித்துப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. சாம்பல் போடுவது முதல் மழைவரைதான். பக்கத்துத் தேயிலைக்கு மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கீரைப் பாத்தியை மூடிவிடுங்கள்.

காட்டு மிருகங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கோத்தகிரியில் அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. காட்டெருமை பீன்ஸையும் கேரட் தழையையும் ஒரே ராத்திரியில் முடித்துவிடும், முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் கிழங்கைத் தோண்டும், கரடி பழ வாசனைக்கு வரும். அவற்றின் வழியில்தான் நாம் குடியிருக்கிறோம். அடுக்களைக் கழிவைத் திறந்த குழியில் கொட்டவே கொட்டாதீர்கள், மூடியுள்ள டிரம்மில் மக்கவிடுங்கள். பழுத்த பழத்தை இருட்டுமுன் பறித்துவிடுங்கள். கம்பிவலை பன்றியையும் முயலையும் தடுக்கும், காட்டெருமையைத் தடுக்காது. வேலியில் வீட்டு மின்சாரத்தை விடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது குற்றம், மனிதரும் செத்திருக்கிறார்கள். பூண்டையும் புதினாவையும் ஓரத்தில் நட்டால் மிருகம் வராது என்பார்கள். என் தோட்டத்தில் அவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தின்றுவிட்டுப் போயிருக்கின்றன.

பழம் இந்த வருடமே வேண்டும் என்றால் ஸ்ட்ராபெரி ஒன்றுதான். ஓடுதண்டில் வேர்விட்ட கன்றை நட்டால் மூன்று நாலு மாதத்தில் பழம் பார்க்கலாம், அதற்கு உங்கள் பைகளையே பயன்படுத்துங்கள், நார்க்கழிவில் பாதிக்கு மண்ணும் மக்கிய உரமும் கலந்து. அடுத்த வருடத்துக்குப் பேஷன் ஃப்ரூட்டும் மரத்தக்காளியும். மரத்தக்காளியை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களோ என்னவோ, சுட்டுத் தோலுரித்துச் சட்னி அரைத்தால் தக்காளி ஏக்கமே தீர்ந்துவிடும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கும், இந்தக் குளிர் அதற்குப் பழக்கம். பிளம்ஸும் பீச்சும் மூன்று நாலு வருடம், பேரி அதற்கும் மேல். ஆப்பிள் கேட்டிருந்தீர்கள். காஷ்மீர், இமாச்சல் ரகங்கள் பூக்க நீண்ட கடுங்குளிர் வேண்டும், நம் குளிர் அவற்றுக்குப் போதாது. கடையில் வாங்கிய ஆப்பிளின் விதையைப் போட்டு வளர்ப்பதும் காத்திருந்து ஏமாறுவதுதான். ஒட்டுக்கன்றை ஒட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரு நாற்றங்காலில் பிளம்ஸ் என்று நான் வாங்கிவந்த நாலு கன்றில் இரண்டில் ஒட்டு எப்போதோ பட்டுப்போய், அடியிலிருந்த பீச் வேர்ச்செடிதான் தழைத்திருந்தது. மூன்று வருடம் கழித்துப் பூத்தபோதுதான் தெரிந்தது. தண்டில் ஒட்டின் முடிச்சு தெரிய வேண்டும், தளிர் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும், கீழே துளிர்ப்பதை அப்போதே கிள்ளிவிட வேண்டும். குன்னூரில் தோட்டக்கலைத் துறையின் பழப்பண்ணையில் முதலில் விசாரியுங்கள்.

இதில் நான் உறுதியாகச் சொல்வது எது, சொல்லாதது எது என்றும் பிரித்துவிடுகிறேன். உயரம், பனி, புளிப்பு மண், போகம் இவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. பஞ்சகவ்யம் மூன்று சதவீதம் தெளித்தால் இலை பச்சை பிடிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே பாத்திக்குத் தொழு உரமும் போட்டிருந்ததால் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். வளர்பிறையில் விதைப்பதை இங்கே பலர் விடாமல் செய்கிறார்கள், நான் இரண்டு பிறையிலும் விதைத்து வித்தியாசம் கண்டதில்லை. உங்கள் வீட்டுத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தரம் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பங்குனியில் கோத்தகிரியில் பல தெருக்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு தரம்தான். உங்களுக்கும் அப்படியென்றால் கேரட்டை இரண்டு நல்ல மழை விழுந்த பிறகு விதையுங்கள், மற்றதை அதற்கு முன்பே ஆரம்பிக்கலாம்.

வாடகை வீடு என்பதால் மரம் நடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் மரத்தக்காளியைப் பெரிய டிரம்மில் வைக்கலாம், வீடு மாறும்போது கூடவே வரும். மண் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் அந்த எண்களை இங்கேயே எழுதுங்கள், எந்தப் பாத்திக்கு எவ்வளவு டோலமைட் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.